நாற்பத்தொன்று

அடித்தளம் இரண்டு. கிருமிநீக்கப் பிரிவு.
அதிகாலை இரண்டு நாற்பது.
அறுவை அரங்கிலிருந்து லிஃப்ட்டில் இறங்கி வருகிற
தட்டுகளுக்கு முகம் கிடையாது.
கழுவுகிற பக்கம் ரொஹாயா,
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்.

பட்டியலில் இதன் பெயர் கழுத்துத் தட்டு.
வீட்டில் ஒருமுறை சொல்லிவிட்டேன்.
"எத்தனை பவுன்?" என்றார் அவர்,
இன்னும் அதையே கேட்கிறார்.

குழிகள் வரிசையாக.
பன்னிரண்டு மில்லிமீட்டர் பொன்நிறம்,
பதினான்கு நீலம்,
பதினாறு பச்சை.
இரண்டு அரிசியை நுனியோடு நுனி வைத்தால்
ஒரு திருகின் நீளம்.
எண்ணுவது என் வேலை.

போகும்போது நாற்பத்தெட்டு.
வந்தது நாற்பத்தொன்று.
தாளில் எழுதியிருக்கிறது: தகடு ஒன்று, திருகு ஆறு.

ஏழாவது எங்கே?

கூடையைக் கவிழ்த்தோம். வடிகால் சல்லடையைக் கழற்றினோம்.
ரொஹாயா முட்டிபோட்டு டார்ச் அடித்தாள்.
கணக்கு வராமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது,
நானும், மேலே இருப்பவர்களும்.
ஒருவேளை அவனும்.

போனில் ஷூ ஃபென்.
"அட, சொல்ல மறந்துவிட்டேன். ஒன்று பிடிக்கவில்லை.
டாக்டர் கழற்றிவிட்டு, தடித்ததாக ஒன்று போட்டார்."
யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை,
எலும்புக்கா, திருகுக்கா,
என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்க முடியாது.
வேறொன்று கேட்டேன். கேட்கக்கூடாது என்பது விதி.

துவாஸ். மழை. லாரியின் பின்பக்கம்.
முப்பத்தொன்று வயது.
மஞ்சள் ஹெல்மெட் மடியில் இருந்ததாம்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை,
கழுத்தில் நின்றுவிட்டது,
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே.

"கை?"
"இடது பெருவிரல். எழுப்பும்போது."
அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

லிஃப்ட்டில் தனியாக இறங்கி வந்தது ஏழாவது,
ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், ராஜா மாதிரி.
மறையின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்: எலும்புத் துகள்.
ஒருவன் கழுத்துக்குள் சில நிமிடம் குடியிருந்து
தங்காமல் திரும்பியிருக்கிறது.
திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்று முத்திரை குத்தி
மஞ்சள் பெட்டியில் போட்டேன்.
விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

மற்ற ஆறும் அங்கேயே இருக்கும்.
சரி என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் நடுவில்
நம் ஆட்கள் ஆட்டுகிற அந்தத் தலையாட்டல்
அவனுக்கு இனி கொஞ்சம் குறையலாம்.
சூப்பர்வைசர் கேட்டால்
வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கும்,
ஆமாம், அல்லது முடியாது.
இதில் எது இழப்பு என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏழு மணிக்குக் கம்பெனி ஆள் வந்தான்,
கையில் கோப்பிப் பையோடு.
சின்னச் சின்ன உறைகளைக் கிழித்து
ஏழு குழிகளையும் நிரப்பினான்.
நானும் கூடவே எண்ணினேன்,
கையெழுத்துப் போட்டேன்.
நாற்பத்தெட்டு.

உறை சுற்றி, நாடா ஒட்டி,
நீராவிக்குள் தள்ளிக் கதவை மூடியாயிற்று.

அடுத்த கழுத்து இந்நேரம்
ஈசூனிலோ காக்கி புக்கிட்டிலோ
பேருந்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்.
பின்னாலிருந்து யாரோ கூப்பிட
சட்டென்று,
முழுதாக,
திரும்பிப் பார்க்கும்.