எட்டு நாற்பத்திரண்டு

டூவீலர் ஸ்டாண்டுக்கும் திரைக்கும் நடுவே
ஒரு சுவர்தான்.
படத்தை நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன்.
நாளைக்கு நாலு காட்சி, இருபத்திரண்டு நாள்.

மாலைக் காட்சியில்
எட்டு நாற்பத்திரண்டுக்கு ஒரு பெண் அலறுவாள்.
அடுத்து எலும்பு முறியும். அதற்குத்தான் விசில்.

முதல் நாள் வயிற்றைப் பிசைந்தது.
மூன்றாம் நாள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டேன்.
பத்தாம் நாளிலிருந்து அவள் என் கடிகாரம்:
அலறிவிட்டாளா, சரி,
இன்னும் அரை மணியில் படம் விடும்,
கேட்டுச் சங்கிலியை அவிழ்க்க வேண்டும்.

ஐப்பசி மழை விட்டிருந்த அன்றைக்கு
அலறல் கேட்டது. சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
சங்கிலிச் சாவியைத் தேடி எடுத்து வைத்தேன்.
மறுபடி எண்ண ஆரம்பித்தபோது
சுவருக்குள்ளிருந்து அவள் அலறினாள்.

அப்படியென்றால்
முதலில் அலறியது?

இந்த இடத்தை யாரிடமும் சொன்னதில்லை.
தெரிந்துவிட்டது எனக்கு. தெரிந்த பிறகும்
ஐந்து ரூபாய் நாணயங்களை
எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.
நூற்றுப் பதினைந்து ரூபாய்.

வாசலில் செவனம்மா.
அவித்த கடலைச் சட்டி அடுப்போடு சாய்ந்து
முழங்காலுக்குக் கீழே ஆவி பறந்துகொண்டிருந்தது.
அப்போது அவள் அலறவில்லை.
கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குடத்துத் தண்ணீரை ஊற்றினேன்.
முனிச்சாலைப் பக்கம் ஓடினேன், ஆட்டோ இல்லை.
அதற்குள் படம் விட்டது.
"ஒரு கை பிடிங்கப்பா" என்றேன்.
எனக்கே கேட்காத குரல்.
ஒருவன் கடலையில் கால் படாமல் தாண்டினான்,
அவ்வளவு கவனம்.
ஒருவன் செல்போன் வெளிச்சத்தை அந்தக் காலில் அடித்துவிட்டு
நண்பனிடம், "உள்ளே காட்டுனது இதைவிட பயங்கரம்டா."
திருமங்கலத்துக்குக் கடைசி பஸ், மறுபடி தூறல்,
காரணம் இருக்கலாம். இருந்திருக்கலாம்.

தூக்கியது ஜகுபர்.
நெல்பேட்டையில் கறி வெட்டுகிறவர்,
இரவுக் காட்சிக்குச் சட்டை மாற்றி வந்தவர்.
டிக்கெட் பையிலேயே நனைய
பெரியாஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் ஏற்றிப்போனார்.
நடுவில் அவளைப் பிடித்துக்கொண்டு நான்.

அவர் மறுநாள் வந்தார், அதே படம்.
எலும்பு முறிந்த இடத்தில்
விசில் அடித்தாராம், சிரித்துக்கொண்டே சொன்னார்.
எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.
அவர் கையில் தினமும் நிஜ ரத்தம்.
என் காதில் வெறும் சத்தம்.
கல்லானது எது?

செவனம்மா கார்த்திகையில் திரும்பி வந்தாள்.
கால் தோல் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது.
எனக்குக் கடலை கொஞ்சம் கூடவே போடுகிறாள்.
அதை வாங்கத்தான் முடியவில்லை.

படம் மாறிவிட்டது. இதில் ஏழு ஐம்பதுக்கே
யாரோ ஒருவன் அம்மா என்கிறான்.
சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது, தெரியும்.
எழுந்து வாசல் வரை போகிறேன்.
வண்டியை எடுக்க நிற்பவர்
"யோவ், டோக்கனை வாங்கிட்டுப் போய்யா" என்கிறார்.
இருங்க, பார்த்துவிட்டு வருகிறேன்.