பில் நம்பர் ஒன்று

காசிமேட்டில் நாலு வருசமாய்
படகுகளுக்குப் பேர் எழுதினேன்.
கூலி: ஒரு டீ, ஒரு கூறு சங்கரா,
"உன் கைக்கு யாரும்மா ஈடு."

போன வாரம் வண்ணாரப்பேட்டையில்
பில் புக் அடித்தேன்.
நூறு தாள், மஞ்சள் நகல்,
மேலே: லூர்து ஸ்டெல்லா, எழுத்து வேலை.

இன்று மரியசூசை மாமாவின் விசைப்படகு.
ஆடும் பலகையில் நின்றபடி
'சமுத்திரத்தாய்' ஒரே மூச்சில் வந்தது.
தொகை எழுதத்தான் கை நடுங்கிற்று,
ஏழாயிரத்தில் ஒரு சைபர் கோணல்.

"நம்ம வூட்டுப் பொண்ணு, பில்லா?"
"ஆமா மாமா."
அதற்குமேல் பேசாமல் நின்றேன்.
அதுதான் கஷ்டம்.

லுங்கி மடிப்பிலிருந்து
செதில் ஒட்டிய நோட்டுகளை எண்ணினார்.
பிறகு அண்ணாந்து பார்த்து,
நாலு வருசத்தில் முதல்முறையாய்:
"தாய்க்குக் கடைசிப் புள்ளி எங்கம்மா?"