அரைத் திருகு

ஒன்பது மணிக்குள் தகரக் கூரை சுடத் தொடங்கிவிடும்
காமலாபுரத்தில்.
இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு
பெடல்களுக்கு நடுவே தலையை நுழைத்து
மல்லாந்து கிடக்கிறேன்.
வெளியே என் கால்கள் மட்டும்.
மூக்குக்கு நாலு விரல் மேலே
அறுபத்தைந்தாம் வருஷத்து வயர்க்கட்டு.
மெழுகு நூலில் யாரோ போட்ட முடிச்சுகள்
ஒன்றுகூட அவிழவில்லை இன்னும்.

கோளாறு என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள்.
ஒரு சிவப்பு விளக்கு எரிவதில்லை.
கட்டைவிரல் நகத்தளவு விளக்கு.
ஜெனரேட்டர் மின்சாரம் தராவிட்டால்
சொல்ல வேண்டியது அதுதான்.

சொல்லவில்லை.
சொல்ல எதுவும் இல்லையா, சொல்ல வாயே இல்லையா,
அணைந்த விளக்குக்கு ஒரே முகம்.

எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பினால்
அது எரிந்தே ஆக வேண்டும்.
ஒவ்வொரு முறையும்.
மூன்று மாதமாக எரியாமலே
சேர்வராயன் மலையைச் சுற்றி வந்திருக்கிறது
இந்த விமானம்.
ஏறியவர்கள் எல்லோருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது.

புது பல்ப் நேற்றே வந்துவிட்டது பெங்களூரிலிருந்து.
கடுகுப் பொட்டலம் போல ஓர் உறை,
கூடவே நாலு பக்கச் சான்றிதழ்.
இதே பல்ப் செவ்வாய்ப்பேட்டையில்
பதினெட்டு ரூபாய்க்கா, என்கிறான் இம்தியாஸ்.
வாஸ்தவம்.
ஆனால் அந்தப் பதினெட்டு ரூபாய்
யார் பெற்ற பிள்ளை என்று எவனாவது கேட்டால்
காட்டுவதற்குத் தாள் கிடையாது.

மூடியைத் திருகி எடுத்தேன்.
பழைய பல்பைத் தொடப்போன விரல் நின்றது.
அது கருகவில்லை.
இழை அறவில்லை.
குழியின் அடியைத் தொடாமல்
அரைத் திருகு தளர்ந்து நின்றது.

அதிர்வில் தளர்ந்திருக்கலாம்.
இந்த எஞ்சின் ஆட்டத்தில் கடைவாய்ப் பல்லே தளரும்.
ஆனால் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை,
எண்ணெய்க் கறையோடு,
வரி வரியாக.

பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன்.
மார்ச் பதினேழு, விமானி ரோஷனின் சாய்ந்த எழுத்து:
‘சிவப்பு விளக்கு மினுங்குகிறது. கவனிக்கவும்.’
மார்ச் பதினெட்டு:
‘பார்க்கப்பட்டது. மினுங்கவில்லை.’
கீழே குணவதி என்று ஒரு கையெழுத்து.
என்னுடையது.

அன்று பார்த்தேன். உண்மை.
மினுங்கவில்லை. அதுவும் உண்மை.
நின்னுடுச்சுக்கா, என்றான் இவன்.
பக்கத்தில் இன்னொரு விமானம்
வயிற்றைத் திறந்துபோட்டுக் காத்திருந்தது.
எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.
தட்டுவடை செட், பீட்ரூட் கொஞ்சம் அதிகம்.
அதெல்லாம் நினைவிருக்கிறது.

இம்தியாஸ் இப்போது கந்தல் துணியால்
ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் துடைக்கிறான்.
நான் கேட்கவில்லை.
அவனைக் கேட்டால் என்னையும் கேட்க வேண்டும்.

பழைய பல்பையே இறுக்கினேன்.
சாவி. சிவப்பு.
எஞ்சின் வேகம் எடுத்தால் அணைய வேண்டும்.
ஆயிரம் சுற்று. சிவப்பு.
ஆயிரத்து ஐந்நூறு.
இரண்டாயிரத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு
மறுபடியும் சிவப்பு.

ஜவ்வரிசி மில் வையாபுரி, விமானத்துக்குச் சொந்தக்காரர்,
ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாருக்கு
மேலேயிருந்து ஏற்காட்டு ஏரியைக் காட்டுவதாக
வாக்குக் கொடுத்திருக்கிறார்.
‘எரியாதப்போ நல்லாத்தானேம்மா பறந்துச்சு?
சரி பண்ணச் சொன்னா
கெடுத்து வச்சிருக்கீங்களே.’

நான் பதிவேட்டைப் பிரித்தேன்.
‘மார்ச் 18 பதிவு தவறு.
ஜெனரேட்டர் பழுது. பறக்கக் கூடாது.’
‘தவறு’ என்ற இடத்தில் பேனா மை விடவில்லை.
இரண்டு முறை அழுத்தி இழுத்தேன்.

பிறகு மூவருமாகத் தள்ளி
விமானத்தை வெளியே ஓரங்கட்டினோம்.
தூரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் கண்ணைப் பறித்தது.
அதற்குப் பின்னால் மலை, வெயிலில் நிறமே இல்லாமல்.
அவர்கள் போன பிறகு
இன்னொரு தடவை சாவியைத் திருப்பினேன்.
உச்சி வெயில்.
எரிகிறதா என்றே தெரியவில்லை.
இரண்டு கையாலும் நிழல் கட்டி
முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.

எரிந்துகொண்டிருந்தது.