கதவு மட்டும்

வாங்கும்போதே பழைய குளிர்பெட்டி.
சற்குணன் அதை லோரியில் கட்டி
சுங்காய் தாமானுக்குக் கொண்டுவந்தபோது
கதவின் கீழ்மூலையில்
ஜொகூர் மாநிலம் போல ஒரு துரு.
அதை மூடத்தான் ஆரம்பித்தேன்.
கலை என்றெல்லாம் எண்ணமில்லை.

இரண்டு ரிங்கிட் கடையில் நான்கு அக்ரிலிக் ட்யூப்.
வெள்ளை, மெஜந்தா, இலைப்பச்சை, எலுமிச்சை மஞ்சள்.
ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை.
கைப்பேசியில் பார்த்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு.
இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்
பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு முனையில் வெள்ளை தொட்டு
மறுமுனையில் மெஜந்தா தொட்டு
மங்குத் தட்டில் முன்னும் பின்னும்
ஒரே தடத்தில் இழுக்கவேண்டும்.
தடம் மாறினால் இரண்டும் கலந்து
பஞ்சுமிட்டாய்க் கஞ்சி.
மாறாவிட்டால்
நடுவே நான் வாங்காத ஐந்தாறு சிவப்புகள்
தாமாக வந்து வரிசையில் நிற்கும்.

முதல் வாரம் முழுக்கக் கஞ்சிதான்.

மில்லின் எடைமேடையில் எனக்கு வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், எண் விழும்.
கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும், இன்னோர் எண்.
நிறை எடையில் வெறும் எடை போனால் குலை.
கெட்டுப்போன சீட்டுகளின் முதுகில்
இதழ் போட்டுப் பழகினேன்.
டிரைவர் சன்னாசி ஒன்றைத் திருப்பிப் பார்த்து
“என்ன கிராணி, முட்டைக்கோஸா?” என்றார்.
ரோஜா என்று சொல்ல வாயெடுத்தேன்.
முட்டைக்கோஸ்தான்.

இந்த ஊர் வெயிலில்
சாயம் தட்டிலேயே தோலாகிவிடுகிறது.
நாலு மணி மழை இறங்கியபின்
ஜன்னலைத் திறந்துவைத்தால்
காற்றின் ஈரத்தில் அரைமணி கூடுதலாகக் கிடைக்கும்.
அப்படி ஒரு சாயங்காலம்
தூரிகையைக் கதவில் அழுத்தி
வெள்ளை முனை வெளியே விசிற
மெஜந்தா முனை நின்ற இடத்தில் திரும்ப
பாதி இதழில் இருந்தேன்.
குளிர்பெட்டியின் மோட்டார் விழித்துக்கொண்டது.
பழைய மோட்டார். உலுக்கித்தான் எழும்.
கதவு நடுங்கியது, கை நடுங்கியது,
இதழின் ஓரம்
தைத்தது போலச் சுருங்கிச் சுருங்கி ஓடியது.

அதன்பிறகு அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.
ஒரு கடகட வந்தால் ஓர் இதழ்.
அடுத்ததற்கு இருபது நிமிடம்.
நடுவே வெங்காயம் உரித்தேன்,
தூரிகையைத் தண்ணீரில் நிறுத்தினேன்.
சீக்கிரம் விழிக்கட்டும் என்று
கதவைத் திறந்து திறந்து மூடியதும் உண்டு.
கரண்டு பில்லைப் பார்த்துச் சற்குணன் கேட்டார்.
பூ என்றேன்.
மறுபடி பில்லைப் பார்த்தார்.

ஜொகூர் மறைந்து
மேல்தட்டின் கைப்பிடிவரை பூ ஏறியபோது
ஒரு ஞாயிறு, மோட்டார் எழவே இல்லை.
பால் திரிந்தது. மீன் கேட்கவே வேண்டாம்.
கடைசிப் பூவில் ஒரே ஓர் இதழ் பாக்கி.
தூரிகையில் இரு முனையும் ஏற்றிக்
கையை நானே ஆட்டிப் பார்த்தேன்.
பொய் உடனே தெரிந்தது.
ஈரத்துணியால் துடைத்துவிட்டு
ஆட்டாமல், ஒரே அழுத்தில்
வழவழவென்று போட்டேன்.

“பெசி புரோக்... சூராட் காபார் லாமா...”
ஆ கியோங்கின் லோரி செவ்வாய்க்கிழமை வந்தது.
தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
கதவோடா, கதவில்லாமலா?
கதவோடு இருபத்தேழு ரிங்கிட்.
இல்லாமல் இருபத்தொன்று.
மனசு தன்பாட்டுக்குக் கழித்தது.
ஆறு.
பூவுக்கு முதன்முதலாக விழுந்த எண்.
ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன்.

கதவு இப்போது கூடத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
எதிர்வீட்டு காக் ரோஸ்னா தடவிப் பார்த்து
இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படி என்றாள்,
சரியாக அந்த இதழில் விரல் வைத்து.
கரண்டு இல்லை என்றேன்.

கைப்பிடி இன்னும் கதவில்தான் இருக்கிறது.
வருகிற பிள்ளைகள்
ஒருமுறையாவது இழுத்துப் பார்க்காமல் போவதில்லை.