இரண்டு அங்குலம்

பெட்ரோல் பங்கின் கூரை பதினோரு அடி.
சிவப்பில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.
வண்டியின் வெயில் மறைப்பில்
லோவெல் கையெழுத்தில் ஒரு பிளாஸ்திரித் துண்டு:
பத்தடி ஓரங்குலம்.
அப்புறமென்ன என்று மார்லிஸ் உள்ளே விட்டாள்.

பிளாஸ்திரி ஒட்டியது ஒரு மார்ச் மாதம்.
ஏ.சி.யை வாங்கி உச்சியில் ஏற்றியது ஜூலையில்,
அமரில்லோவில், நாய்கூட
நிழலை விட்டு நகராத ஒரு நாளில்.
எண்ணை யாரும் திருத்தவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை.
பல் பிடுங்கும்போது
காதுக்குள்ளிருந்து கேட்குமே, அப்படி.
குனிந்திருந்தால் தப்பியிருக்கலாம்.
வண்டிக்குக் குனியத் தெரியாது.

பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவன்
கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "எவ்வளவு?"
"தெரியல. உள்ள வெளிச்சம் வருது."

படுக்கைக்கு மேலே,
காற்று இறங்கும் சல்லடையின் ஓரமாக
ஒரு விரல் அகலத்துக்குத்
தெற்கு டகோட்டாவின் மதியம் தெரிந்தது.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது வடக்கே,
சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கு.
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்,
கண்ணுக்கெட்டிய மட்டும் சேற்றுக் கிழங்கு,
அக்டோபரில் பனி விழும் ஊர்.
"அங்க ஏ.சி. எதுக்கு? கழட்டிப் போட்டுட்டுப் போலாம்"
என்றாள் மார்லிஸ்.
ஏணியில் நின்றவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.
"கழட்டலாம்.
அதுக்கு அடியில ஒன்றரைச் சாண் சதுரத்துக்கு
ஓட்டை இருக்கே."

ஆறு வருஷமாக அதைக் காற்று என்று நினைத்திருந்தார்கள்.
பாதி நாள் அது வெறும் மூடி.

தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள்,
தலைவலிக்காரன் துண்டு கட்டினாற்போல.
மூன்றாம் இரவு மழை.
சோளம் அவிக்கும் பானையை மெத்தை நடுவில் வைத்து
ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தார்கள்.
டொக்.
டொக்.
யார் தப்பு என்று பானை மட்டும்
விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு, யாரும் எதிர்பாராமல், வெயில்.
சூடாகக் குவித்தால் பீட்ரூட் அழுகும்,
அதனால் வேலை நிறுத்தம், சம்பளமும்தான்.
முகாமில் முப்பது வண்டிகளின் உச்சியிலும் ஏ.சி. இரைந்தது.
இவர்களுடையது மட்டும்
தார்ப்பாய்க்குள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வண்டி வெர்லின்
ஒரு குழாய் சீலன்ட்டும்
கேட்காத யோசனைகள் நாலும் கொண்டுவந்தார்.
சீலன்ட் உதவியது.

நாலு போல்ட். மூன்று வந்தன.
நாலாவது இறால்போல் வளைந்திருந்தது, அறுத்தார்கள்.
மேல் உறை வாய்பிளந்திருந்தது.
செப்புக் குழாய் உடையவில்லை;
லோவெல் அதை இரண்டு முறை தடவிப் பார்த்தான்.
அடியிலிருந்த ரப்பர், கிழிந்த சப்பாத்தி.
புது ரப்பரை வைத்தார்கள்.

லோவெல் மேலே. மார்லிஸ் கீழே டார்ச்சோடு.
"தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம். நில்லு."
நகர்த்த வேண்டியிருந்தது மொத்தமே
இரண்டு அங்குலம்.

கடைசியாக மூடுவதற்கு முன்
அந்தச் சதுரத்தில் அவன் முகம் தெரிந்தது,
தலைகீழாக, மூக்கு நுனியில் வியர்வை.
"அந்த நம்பர் நான் எழுதினது" என்றான்.
"பங்க்ல எழுதியிருந்தத நானும் படிச்சேன்" என்றாள் அவள்.
ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.
மழை இல்லை.

ஓடியது. கரகரத்தது,
ஸ்பூன் விழுங்கிய கோழி மாதிரி.
இருபது நிமிடம் அதன் கீழே
பேசாமல் படுத்திருந்தார்கள்.
அதற்குள் போன் வந்தது: கிழங்கு குளிர்ந்துவிட்டது,
நள்ளிரவு ஷிப்டுக்கு வாருங்கள்.

பூட்ஸ் மாட்டும் முன்
அவள் பழைய பிளாஸ்திரியை உரித்துப்
புதிது ஒட்டினாள்.
அளந்தால் பதினோரு அடி இரண்டு அங்குலம்.
அவள் எழுதியது
பதினோரு அடி நாலு.

லோவெல் படித்தான்.
பேனாவை வாங்கி மூடிபோட்டு
டப்பாவில் வைத்தான்.