சிவப்புக் கம்புக்கு அப்பால்

அடம்பனுக்கு மேற்கே எனக்குத் தந்த ஒழுங்கை
ஒரு மீட்டர் அகலம்.
முடிவில் பெருக்கமரம்.
இரவில் பூத்தது விடியலில் குப்புறக் கிடக்கும்.
பூவைச் சுற்றித்தான் மண்ணைச் சுரண்டுவேன்.

ஸுலைஹா நாடா வரைக்கும் வருவாள்,
கையில் வெறும் வாளி.
புத்தளத்திலிருந்து திரும்பி நாலு மாதம்.
கடைக்குட்டிக்கு மூன்று நாளாய் வயிற்றோட்டம்.
"ஒரு காய் போதும் தங்கச்சி.
உள்ளே இருக்கிற வெள்ளை மாவை ஊறப்போட்டு,
சீனி கொஞ்சம், கரண்டி கரண்டியாய்..."
காய்ச்சலுக்குப் பட்டை அவிப்பார்களாம்.
வீக்கத்துக்கு இலை.
அவள் முடிக்கமுன்
எங்கள் முதலுதவிக்காரர் இரண்டு ஜீவனி நீட்டினார்.
வாங்கிக்கொண்டாள்.
வாளியை நாடாவடியிலேயே விட்டுப் போனாள்.

பதினோராம் நாள் அடிமரம்.
கருவி கத்தியது.
மண்டியிட்டு விரற்கடை விரற்கடையாய்த் தோண்டினேன்.
மண்ணில் ஒன்றுமில்லை.
பட்டையருகே கொண்டுபோனால்
இன்னும் பலத்த கத்தல்.
எப்போதோ பாய்ந்த இரும்பை விழுங்கி
மேலே புதுத்தோல் மூடி நிற்கிறது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
நவரத்தினம் அண்ணர் ஓரத்தில் எழுதினார்:
'உலோகம். மரத்தினுள்.'

காயைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.
பிள்ளை சுகமாகி ஒரு கிழமை,
வாளியைத் தலையில் கவிழ்த்து ஓடித் திரிகிறான்.
ஜீவனிதான் என்றேன்.
"இருக்கும்" என்றாள்,
காயைக் கல்லில் மோதி உடைத்தபடி.
ஒரு துண்டு என் வாயில்.
புளிப்பில் கண் தானாய் மூடிற்று.

திறந்தபோது
அவள் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இவ்வளவு வீங்கியிருக்கு.
இலை ஒன்றும் பிடுங்கி வரலையா நீ?"