அருகிலுள்ள சாதனங்கள்

கடைமுழுக்கு முடிந்து
துலாக்கட்டம் காலியாகிவிட்ட இரவு.
ஈரத்துண்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு
கடைசி பஸ்ஸும் போயிற்று.

மாயவரத்தில் பாதிப் பேர்
பாவம் தொலைத்துவிட்டுத் தூங்குகையில்
நான் புல வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
போனில் கோடு மயிரிழை.
மயிரிழைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மாசிலாமணி.
நடுவே ஒன்றேகால் அடிச் சாக்கடை;
அதில் அடைத்துக்கொண்டு நிற்கிறது
நாலு வருஷப் பேச்சு.

"பெரிசாப் போட்டுப் பாருங்களேன்,
நாற்பத்துமூணு இஞ்ச் எதுக்கு இருக்கு"
என்றுவிட்டுப் படுக்கப் போனாள் செங்கமலம்.

மேலிருந்து கீழே விரலால் இழுத்தேன்.
டார்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்,
அதன் மூலையில் மூன்று வளைவுகள்,
குளத்தில் யாரோ கல் போட்ட மாதிரி.
தொட்டேன்.
தேடுகிறது, என்றது.
தேடட்டும்.

இரண்டு பெயர்கள் வந்தன.
இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்,
கடைசி இரண்டு எண்ணில்தான் வித்தியாசம்.
வராமல் என்ன செய்யும்?
ஒரே தீபாவளித் தள்ளுபடியில்
கச்சேரி ரோட்டுக் கடையில்
நானும் அவரும் சேர்ந்து போய் வாங்கியவை.
ஒரே லோடு ஆட்டோவில்
இரண்டு பெட்டியையும் ஆளுக்கொரு கையால்
பிடித்துக்கொண்டு வந்தோம்.

மேலே இருந்ததைத் தொட்டேன்.
இணைக்கிறது.
இணைக்கிறது.
கொஞ்சம் அதிகமாகவே யோசித்தது.
பிறகு, இணைக்கப்பட்டது.

என் டிவியில் வெறும் நீலம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு சீரியல் மருமகள் பாதி அழுகையில் நின்றாள்.
கரண்ட் போயிற்றோ அவர்களுக்கு மட்டும், என்று
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ஒளிப்பானேன்.

போனைப் படுக்க வைத்தேன், நிமிர்த்தினேன்.
இரு விரலால் கோட்டை அகட்டினேன்.
அகட்ட அகட்ட
அது எந்தப் பக்கமும் சாயவில்லை,
தடித்தது.
தடித்துத் தடித்துக் கோடே
சாக்கடை அகலத்துக்கு வந்துவிட்டது.
யார் நிலம் என்று கேட்டால்
கோட்டின் நிலம்.

சலித்துப்போய் வேறெதையோ மேய்ந்தேன்.
கூட்டுறவு வங்கியின் குறுஞ்செய்தி,
நகைக்கடன் தவணை, இரண்டாம் நினைவூட்டல்.
திருப்பூரிலிருந்து மகன்:
இந்த மாசமும் முடியலப்பா.
சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிட்ட பின் இருநூற்று எழுபது.
தேடுபெட்டியில் நானே எழுதியது:
சாக்கடை வழக்கு எத்தனை வருஷம் நடக்கும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது
திரையின் உச்சியில் அந்தப் பெயர்,
கடைசி இரண்டு எண்.
என்னுடையது அறுபத்தொன்று.
இது பதினாறு.

துண்டிப்பதற்குள் விரல் மூன்று முறை தவறியது.
மருமகள் அழுகையைத் தொடர்ந்தாள்.

தூக்கம் வரவில்லை. நான் பார்த்தது வேறொன்று:
அவர் திரையில் திடீரென்று ஒரு பெட்டி எழுந்திருக்கும்.
'தருமலிங்கம் போன் இணைய விரும்புகிறது.
அனுமதிக்கவா? மறுக்கவா?'
ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு
அந்த மனிதர் யோசித்திருக்கிறார்.
இங்கே நான் சுற்றும் வட்டத்தைத்
திட்டிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும்.

விடிந்தால் கார்த்திகை ஒன்று.
கடைமுழுக்கைத் தவறவிட்டவனுக்கும்
மறுநாள் முடவன் முழுக்கு உண்டு எங்கள் ஊரில்.
ராத்திரி மழைக்குச் சாக்கடை நிரம்பி
இரண்டு வீட்டுப் பழுத்த இலையையும்
கலந்து இழுத்துக்கொண்டு ஓடியது.

சுவருக்கு மேலே
பல்பொடி நுரையோடு ஒரு தலை.
வங்கியைக் கேட்கவில்லை.
மகனை, சர்க்கரையை, வழக்கைக் கேட்கவில்லை.
துப்பிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பன்னெண்டு பர்சென்ட்தான் இருந்துது.
சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன்.

சட்டைப் பையில்
செத்துக் கிடந்தது போன்.